மிச்சத்தை மேலே வந்து சொல்றேன்

"தினமும் நடக்கிறீங்களா?" என்று டாக்டர் கேட்டபோது எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. நடக்காமலா? மழையானாலும் பனியானாலும் விடிவதற்கு முன்னால் எழுந்து, கணவரின் அக்காவான அண்ணியையும் எழுப்பி, ஒரு மணி நேரம் நடந்துவிட்டுத்தான் டிப்போவுக்கே போகிறேன். அப்படியிருந்தும் என் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்து இந்த அம்மாள் உதட்டைப் பிதுக்குகிறார்.

"நடக்கிறேன்" என்றேன். "பக்கத்துத் தெரு நாயைக் கேட்டாக்கூட சொல்லும்."

டாக்டர் சிரிக்கவில்லை. பஸ் கம்பெனி தன் டிரைவர்களையெல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவை இந்த ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புகிறது. இவர் கையெழுத்துப் போட்டால் ஸ்டியரிங். போடாவிட்டால் 'குடை அறை'. பயணிகள் பஸ்ஸில் மறந்துவிட்டுப் போகும் பொருள்களைச் சேர்த்து வைக்கும் இடத்துக்கு நாங்கள் வைத்த பெயர் அது. நூறு குடை, ஒற்றைச் செருப்புகள், போன வருஷம் யாரோ விட்டுப் போன ஒரு பல்செட். உடம்பு தேறாது என்று முடிவாகும் டிரைவர்களை அங்கே உட்கார வைப்பார்கள். போன மனிதர் யாரும் திரும்பி வந்ததில்லை. இருபது வருஷமாகப் பஸ் ஓட்டுகிறேன். கண்ணாடிக்கு வெளியே தெரு ஓடாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அந்த அறையில் பல்செட்டுக்குக் காவல் இருக்க நான் தயாரில்லை.

"சர்க்கரை ஏறியிருக்கு, பிரஷர் ஏறியிருக்கு, கொழுப்பும் சேர்ந்து ஏறியிருக்கு. ஆறு மாசம் டைம் தர்றேன். அதுக்கப்புறம் டிரெட்மில்ல ஏத்திப் பார்ப்பேன். ரத்தமும் எடுப்பேன். ரெண்டும் சரியா இருந்தாத்தான் கையெழுத்து."

"அதான் நடக்கிறேனே டாக்டர்."

"நடக்கும்போது பேசுவீங்களா?"

"நான் எங்கே பேசுறது? அண்ணி பேசுவாங்க. நான் உம் கொட்டுவேன்."

"அவங்களால மூச்சு விடாமப் பேச முடியுதா?"

"அவங்களா? மூச்சு விடுறதுக்காகப் பேச்சை நிறுத்தினதா சரித்திரமே கிடையாது."

இந்தத் தடவை சிரித்தார். "அதாங்க விஷயம். நடக்கிறது நல்லதுதான், நிறுத்த வேண்டாம். ஆனா ஊர்க்கதை பேசிக்கிட்டு நடந்தா இதயத்துக்கு வேலையே கொடுக்கல. முதல் கியர்லயே வண்டி ஓட்டுற மாதிரி."

"முதல் கியர்ல ஓட்டினா எஞ்சின் கொதிக்கும் டாக்டர். நீங்க சொல்றது நியூட்ரல்ல உருள்றது."

"சரி, நியூட்ரல். கொஞ்ச நேரமாவது நாலு வார்த்தை சேர்ந்தாப்புல பேச வராத அளவுக்கு வேகம் வேணும். அப்பத்தான் தசை சர்க்கரையை வாங்கி எரிக்கும், இதயமும் பலமாகும். மேடு ஏதாவது இருக்கா உங்க பக்கத்துல?"

இருந்தது. தண்ணீர்த் தொட்டி மேடு. அதைப் பார்த்தாலே இரண்டாம் கியருக்குக் கை தானாகப் போகும்.

"வேகமா ஏறுங்க, மெதுவா இறங்குங்க, திரும்ப ஏறுங்க. வாரத்துல மூணு நாள். மத்த நாள் உங்க அண்ணியோட உருளலாம்." எழுந்து போகப் போன என்னைக் கை காட்டி நிறுத்தினார். "உங்களுக்கு ஈசிஜி, ஸ்கேன் எல்லாம் பார்த்துட்டுத்தான் இதைச் சொல்றேன். பார்க்காம யாருக்கும் சொல்ல மாட்டேன்."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் ஒரு காதில் வாங்கி இன்னொரு காதில் விட்டேன்.

அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தனிக்கட்டை. எங்கள் மாடிக்குக் கீழ் வீட்டில் தையல் கடை வைத்திருக்கிறார். புதுத் துணி தைப்பதில்லை. பிரிப்பது, பிடிப்பது, ஜிப் மாற்றுவது, கால் குறைப்பது மட்டும்தான். இடுப்பைப் பிடிக்கச் சொல்லியும் தளர்த்தச் சொல்லியும் வருகிறவர்கள் காரணத்தைச் சொல்லாமல் போக மாட்டார்கள். அதனால் ஊரில் யார் பெருத்தார், யார் இளைத்தார், ஏன் என்பதெல்லாம் அண்ணிக்கு அத்துப்படி. நாளெல்லாம் மோட்டார் மெஷினில் உட்கார்ந்து கதை வாங்குவார். விடிகாலையில் என்னிடம் இறக்கி வைப்பார். என் கணவர் தன் அக்காவுக்கு வைத்திருக்கும் பெயர் 'ரேடியோ'. அண்ணி என்னைக் கூப்பிடுவது 'டிரைவரம்மா' என்று.

டாக்டர் சொன்ன பிறகுதான் எங்கள் நடையின் லட்சணம் எனக்கே தெரிந்தது. கதை சூடு பிடிக்கப் பிடிக்க எங்கள் கால் தளர்ந்துகொண்டே வரும். கதையின் முக்கியமான இடத்தில் நாங்கள் நின்றே விடுவோம். நடுத்தெருவில், ஆளுக்கொரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு. ஒரு மணி நேர நடையில் பாதி நேரம் நின்றிருக்கிறோம்.

"இனிமே மேடுதான் அண்ணி" என்று அறிவித்தேன். "நீங்க கீழயே உட்காருங்க. நான் மட்டும் ஏறிட்டு வர்றேன்."

"ஏன், எனக்குக் கால் இல்லையா? உன்னைவிட ஏழு வயசுதான் பெரியவ. எங்கப்பா அந்த மேட்டுல சைக்கிள் மிதிச்சுப் போனவரு."

அவர் அப்பா, அதாவது என் மாமனார், அண்ணியின் இப்போதைய வயதில் ஒரு நாள் காலை முகம் கழுவப் போய் அப்படியே சாய்ந்தவர். அது அப்போது என் ஞாபகத்துக்கு வரவேயில்லை.

முதல் நாள் எனக்கு நாக்கு தள்ளிவிட்டது. மேட்டின் வளைவைத் தாண்டுவதற்குள் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் அண்ணி பல் டாக்டர் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார். அந்தப் பல் டாக்டரின் பேன்ட்டுகளை அவர் மனைவி மாதாமாதம் இடுப்பைப் பிடிக்கக் கொண்டு வருகிறாளாம். மனுஷன் இளைத்துக்கொண்டே போகிறார். கேட்டால் ஒன்றுமில்லை என்கிறார். சாயங்காலமானால் எங்கேயோ கிளம்பிவிடுகிறார். வளைவு வந்ததும் அண்ணி சட்டென்று நின்றார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னைக்கு அவரு சட்டைப் பையில என்ன இருந்துச்சு தெரியுமா?"

"என்ன?"

"நீ ஏறு. மிச்சத்தை மேலே வந்து சொல்றேன்."

"அண்ணி!"

"ஏறுங்கிறேன்ல?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் மிச்ச மேட்டை எப்படி ஏறினேன் என்றே தெரியவில்லை. மேலே தொட்டியின் அடியில் ஒரு சிமென்ட் பெஞ்சு உண்டு. அதில் விழுந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். நெடுநேரம் கழித்து அண்ணி ஆடி அசைந்து வந்தார். உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். செருப்பிலிருந்து கல்லைத் தட்டினார். தோளைத் தடவிக்கொண்டார். என் பொறுமையை நூல் நூலாகப் பிரித்த பிறகு வாயைத் திறந்தார். "பேண்டேஜ். ஒரு சுருள் பேண்டேஜ்."

இந்தச் சாமர்த்தியத்தை நினைத்து நான் வியந்து போனேன். நாலு வார்த்தை பேச வராத வேகம் வேண்டும் என்று டாக்டர் சொன்னார். பேச்சையே பாதியில் வெட்டி, அந்த ஆவலில் என்னை ஓட விடுகிறாரே இவர்! கணவரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. "ரேடியோ தானா ஆஃப் ஆச்சா? காலைலயே காது குத்தாதே."

ஆனால் அப்படித்தான் நடந்தது. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு ஏற்றத்துக்கும் ஒரு வெட்டு. பல் டாக்டர் முழங்கையில் சிராய்ப்போடு வந்தார். எப்படி என்பது மேலே. அவர் மனைவி ஒரு நாள் பின்னாலேயே போனாள். எங்கே என்பது மேலே. எனக்குப் பாதி கோபம், பாதி வெறி. பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினேன். முட்டி கெஞ்சியது, விலா குத்தியது. ஒரு நாள் தூறலில் வழுக்கி உட்கார்ந்தே விட்டேன். குடை அறை கண் முன்னால் வந்து நின்றது. எழுந்து ஏறினேன். பல்செட்டே, உனக்கு வேறு ஆள் பார்த்துக்கொள் என்று வாய்விட்டே சொன்னேன். எதிரே வந்த பால்காரர் ஒதுங்கிப் போனார்.

நாள் போகப் போக அண்ணியின் வெட்டும் கொடூரமானது. முதலில் வளைவில் நிறுத்திக்கொண்டிருந்தவர், பிறகு வளைவுக்குக் கீழே இருந்த விளக்குக் கம்பத்தில் நிறுத்தினார். பிறகு அதற்கும் கீழே, பூட்டிக் கிடக்கும் பெட்டிக்கடையில். அஞ்சாவது மாசம் மேட்டின் அடியிலேயே நிறுத்தினார். நான் வேகம் கூட்டக் கூட்ட அண்ணி ஓட்டத்தை நீளமாக்குகிறார் என்று நினைத்தேன். வாத்தியாருக்குக்கூட இப்படிக் கணக்குப் போட வராது என்று டிப்போவில் போய்ப் பெருமை அடித்துக்கொண்டேன். அவர் மேலே வர எடுக்கும் நேரமும் கூடிக்கொண்டே போனது. அது காக்க வைக்கிற திமிர் என்று எண்ணிக்கொண்டேன்.

உடம்பு மாறியது. சீட் பெல்ட் நீளம் மிஞ்சியது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஸ்டியரிங்கில் வரும் அந்தப் பாழாய்ப் போன தூக்கம் நின்றது. வீட்டு மெஷினில் விரலைக் குத்திப் பார்த்தால் சர்க்கரை அடங்கி உட்கார்ந்திருந்தது. என் பேன்ட்டின் இடுப்பையும் அண்ணிதான் பிடித்துக் கொடுத்தார். "உன் கதையை இப்ப யாருகிட்ட சொல்றதுன்னு தெரியல" என்றார்.

பரிசோதனை நாள் வந்தது. அண்ணியும் கூட வந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கி ஆஸ்பத்திரி வாசலுக்கு வரும் வரையில் பல் டாக்டர் கதைதான். மனைவி அவர் பின்னாலேயே போய்ப் பழைய மைதானத்துச் சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். எட்டிப் பார்த்தாள். உள்ளே அவள் புருஷன் ஒற்றையாக இல்லை.

"கூட யாரு அண்ணி?"

பரிசோதனை அறையின் வாசல் அது. அண்ணி நாற்காலியில் உட்கார்ந்தார். தாடையைத் தேய்த்துக்கொண்டார். "போய் ஏறிட்டு வா. மிச்சத்தை வந்ததும் சொல்றேன்."

நெஞ்சில் வயர்களை ஒட்டினார்கள். டிரெட்மில் ஓடத் தொடங்கியது. முதலில் சமதளம், பிறகு கொஞ்சம் மேடு, பிறகு இன்னும் மேடு. திரையைப் பார்த்துக்கொண்டிருந்த டெக்னீஷியன், "எப்படி இருக்கு? பேச முடியுதா?" என்றார்.

"முடியுதே. எங்க வீட்டுப் பக்கத்துல ஒரு மேடு இருக்கு, அதுக்கு முன்னாடி இதெல்லாம் ஒண்ணுமே இல்ல. வேணும்னா ஒரு கதைகூடச் சொல்றேன்" என்றேன்.

சொல்லிவிட்டுத்தான் யோசித்தேன். மேட்டில், வேகமாக நடந்துகொண்டே, இத்தனை வார்த்தை நீளமாகப் பேசியிருக்கிறேன். ஆறு மாசத்தில் என்னால் முடிந்துவிட்டது. தொட்டி மேட்டில் அதே ஆறு மாசமாக அண்ணியும் வந்தார். அவருக்கு ஏன் பேச்சு கூடவில்லை? ஏன் குறைந்துகொண்டே வந்தது? வளைவு. விளக்குக் கம்பம். பெட்டிக்கடை. அடிவாரம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூச்சு விடுவதற்காகப் பேச்சை நிறுத்தியதாகச் சரித்திரமே இல்லாத மனுஷி. அவர் கதையை வெட்டவில்லை. கதை அந்த இடத்தில் தானாக அறுந்திருக்கிறது. அதற்கு மேல் அவரால் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. கைப்பிடிச் சுவர், தோளைத் தடவியது, தாடையைத் தேய்த்தது, செருப்பில் இல்லாத கல். அவருக்கு ஒரு ஈசிஜி எடுத்தவர் யார்? மாமனார் முகம் கழுவப் போன காலை ஞாபகத்துக்கு வந்தது. ஆறு மாசமாக நான் முன்னால் ஓட, அந்த மனுஷி பின்னால் தனியாக ஏறி வந்திருக்கிறார். நான் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"இதயத் துடிப்பு எகிறுதே, நிறுத்தவா?" என்றார் டெக்னீஷியன்.

இறங்கி ஓடத்தான் கால் பரபரத்தது. ஆனால் பாதியில் இறங்கினால் அண்ணி என்னைத்தான் பார்ப்பார்; என்ன ஆச்சு, ஏன் இறங்கினே என்று என் பின்னாலேயே சுற்றி, தன் விஷயத்தை மறைத்துவிடுவார். அவரை எனக்குத் தெரியாதா? அவர் உட்கார்ந்திருப்பது ஆஸ்பத்திரி நாற்காலியில். இதைவிட நல்ல இடம் கிடையாது. என் கையில் அவருக்கு வேண்டியது ஒன்று, அதாவது என் ரிசல்ட், இருந்தால்தான் அவர் அசைவார்.

"நிறுத்தாதீங்க, இன்னும் ஏத்துங்க" என்றேன். "நர்ஸம்மாவை மட்டும் வெளிய அனுப்பி, அந்த நாற்காலியில இருக்கிறவங்களை எழுந்திருக்க விடாமப் பார்த்துக்கச் சொல்லுங்க."

மெஷின் என் மேட்டைவிடச் செங்குத்தாக நின்றது. பேச்சு நின்றது. என் கோபம் முழுக்க என் மேலேதான். அதையே மிதித்து ஏறினேன். போதும் போதும் என்று அவர்களே நிறுத்தினார்கள். டாக்டர் வந்து தாளைப் பார்த்தார், ரத்தக் கணக்கைப் பார்த்தார், பேனாவை எடுத்தார். அந்தக் கையெழுத்துக்காக ஆறு மாசம் தலையால் தண்ணீர் குடித்தவள் நான். ஆனால் அதை நின்று பார்க்க எனக்கு நேரமில்லை. வயர் தொங்க வாசலுக்கு வந்தேன்.

அண்ணி எழுந்திருக்கப் பார்த்தார். "என்ன டிரைவரம்மா? ஸ்டியரிங்கா, குடையா?"

"உள்ள வாங்க. இந்தக் கட்டில்ல படுங்க. ஈசிஜி எடுத்துக்கங்க. மிச்சத்தை அப்புறம் சொல்றேன்."

"எனக்கென்ன கேடு? வெறும் வாயு."

"ஆறு மாசமா வாயுவா?"

நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று அண்ணிக்குத் தெரிந்துவிட்டது. "உன் ஸ்டியரிங் போயிடும்னு நீ ராத்திரியெல்லாம் புரண்டே" என்றார் மெதுவாக. "நான் உட்கார்ந்துட்டா நீயும் உட்கார்ந்துடுவே. அதான்."

"உங்க தம்பி உங்களுக்கு ரேடியோன்னு பேரு வச்சாரு. நான் கல்லுளிமங்கின்னு வைக்கிறேன்." எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. "ரிசல்ட் வேணுமா வேணாமா?"

ஆவல் யாரை விட்டது? படுத்தார்.

ஈசிஜி தாள் வெளியே வர வர டாக்டரின் முகம் இறுகியது. அவரை டிரெட்மில் பக்கமே விடவில்லை. சக்கர நாற்காலி வந்தது. இதயத்துக்குப் போகும் ஒரு குழாய் ஏறக்குறைய அடைத்திருக்க வேண்டும், இன்றைக்கே படம் எடுத்துத் திறக்க வேண்டும் என்றார். "சமதளத்துலயே வலி வர ஆரம்பிச்சிருக்கு. இன்னும் ஒரு வாரம் அந்த மேட்டுல விட்டிருந்தா..." என்று என்னைப் பார்த்தார்.

லிஃப்ட் வாசலில் அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்தார். கை ஜில்லென்றிருந்தது. அவ்வளவு பயத்திலும் கேள்வி மாறவில்லை. "இப்பவாவது சொல்லித் தொலையேன். பாஸா, ஃபெயிலா?"

ஆபரேஷன் தியேட்டர் ஆறாவது மாடி.

"நீங்க ஏறுங்க" என்றேன். "மிச்சத்தை மேலே வந்து சொல்றேன்."

லிஃப்ட் மூடிக்கொண்டது. நான் படிக்கட்டில் ஓடினேன். ஆறு மாடியையும் ஒரே மூச்சில் ஏறி, லிஃப்ட் கதவு திறக்கும்போது எதிரே நின்றேன். "பாஸ்" என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் வந்தது. அண்ணி சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

பிறகு நெடுநாள் மேட்டுப் பக்கமே போகவில்லை. டாக்டர் சொன்னபடி முதலில் வீட்டுக்குள், பிறகு தெருமுனை வரைக்கும், பிறகு மைதானம். அண்ணிக்கென்று தனியாக ஒரு வேகத்தை அளந்து கொடுத்திருந்தார்கள். எதையும் பாதியில் நிறுத்தாமல் பேச முடிகிற வேகம். அதற்கு மேல் கூடாது. என் வேகத்தை நான் என் நாட்களில் தனியாகப் பார்த்துக்கொண்டேன். பல் டாக்டர் கதையின் மிச்சத்தை நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அது மேட்டுக்குச் சொந்தமான கதை என்பதுபோல இருவரும் வைத்திருந்தோம்.

டாக்டர் சரி என்று சொன்ன மறுநாள் காலை மேட்டின் அடியில் போய் நின்றோம். மெதுவாகத்தான் தொடங்கினோம். இந்தத் தடவை நான் பின்னால்.

"எங்க விட்டேன்? ஆங், சுவருக்குப் பின்னாடி" என்று அண்ணி ஆரம்பித்தார். "எட்டிப் பார்க்கிறா. இவரு சைக்கிள்ல உட்கார்ந்திருக்காரு. ஐம்பது வயசுல சைக்கிள் கத்துக்கிறாராம்! விழுறதும் எழுறதுமா இருந்தா உடம்பு இளைக்காம என்ன செய்யும்?"

பெட்டிக்கடை பின்னால் போனது. அண்ணி பேசிக்கொண்டே போனார். நான் அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டு ஏறினேன்.

"பின்னாடி ஒரு ஆளு சீட்டைப் பிடிச்சுக்கிட்டு ஓடி வர்றான். வெயிலு கண்ணைக் கூசுது, முகம் தெரியல. கிட்ட வரட்டும்னு நிக்கிறா."

விளக்குக் கம்பம் வந்தது, போனது. அண்ணியின் குரல் அறவில்லை. கை சுவரைத் தேடவில்லை. வளைவு வந்தது.

"யாருங்கிறே? அவளோட சொந்தத் தம்பி! பத்து வருஷமா மாமனும் மச்சானும் முகத்தைப் பார்த்துக்கிறதில்லன்னு ஊரே சொல்லுச்சு. அந்த மச்சான்தான் வேர்க்க விறுவிறுக்க ஓடி வர்றான், 'விட மாட்டேன் மாமா, மிதிங்க'ன்னு கத்திக்கிட்டு!"

வளைவையும் தாண்டி இரண்டடி போன பிறகுதான் நான் பின்னால் வரவில்லை என்று அண்ணிக்குத் தெரிந்தது. திரும்பிப் பார்த்தார். நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"என்ன டிரைவரம்மா? மூச்சு வாங்குதா?"

"இல்ல அண்ணி" என்றேன். "கதை நல்லா இருக்கு. நீங்க ஏறுங்க."